செவியும் திறக்க, வாயிலும் திறக்க

நுழையுமுன்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் சில, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள சபாக்களில் கச்சேரி கேட்கின்றன. வேறு சில, கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குச் சென்று கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்கின்றன. இவ்விரண்டிலும் இசை ஒருநாளோடு முடிவதில்லை. சில நாள் தொடர்கிறது. பலநாள் இசைவிழாவில் கலந்துகொள்வதால் விளையும் நிறைகளையும் குறைகளையும் எடைபோட்டு, ஒரு கருத்தை முன்வைக்கிறது இப்பாடம்.

பழைய வழக்கம்

பலநாள் தொடர்ந்து விழா எடுப்பது தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திரவிழா 28 நாள் நடைபெற்றதை மணிமேகலை கூறுகிறது. அந்நூலின் முதற்காதையாகிய விழாவறை காதையில், முரசறைவோன் நகரத்தாருக்கு விழாச் செய்தியை அறிவிக்கிறான். தெருக்களில் பழைய மணலை நீக்கிப் புதுமணல் பரப்புமாறு கூறும் அவன், சினமும் பூசலும் கொள்ளாது விலகியிருக்குமாறும் வேண்டுகிறான். விழா என்பது மேடையில் இருப்போரால் மட்டும் நிகழ்வதன்று. ஊர் முழுவதும் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ளும்போதுதான் அது விழாவாகிறது என்னும் கருத்து அவ்வறிவிப்பில் அடங்கியுள்ளது.

இக்காலத்தில் பலநாள் இசைவிழா என்றவுடன் நினைவுக்கு வருவது சென்னையின் மார்கழி விழாவாகும். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டையொட்டி இசை மாநாடு ஒன்றும் நடைபெற்றது. அதன் பயனாக 1928-இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. இன்று மார்கழியில் அந்நகரத்தின் பல சபாக்களிலும் காலை முதல் இரவு வரை கச்சேரிகள் நடைபெறுகின்றன.

மும்பைத் தமிழரும் தென்னிந்தியர் பிறரும் இவ்வழக்கத்தைத் தாம் குடியேறிய இடத்திற்கும் கொண்டுவந்தனர். 1952-இல் சண்முகானந்தா சபா தொடங்கப்பெற்றது. 1963-இல் கிங்ஸ் சர்க்கிள் அருகே அதன் பேரரங்கம் எழுந்தது. 1990-இல் தீக்கு இரையான அவ்வரங்கம் மீண்டும் கட்டப்பெற்றது. இன்று 2,700-க்கும் மேற்பட்டோர் அதில் அமரலாம். செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி இசையையும் நடனத்தையும் வளர்த்துவருகிறது.

நாள்தோறும் கேட்பதன் பயன்

ஒருநாள் கச்சேரி மகிழ்ச்சி தரும். பலநாள் விழாவோ மகிழ்ச்சியோடு பயிற்சியும் தரும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

கல்யாணி, சங்கராபரணம் என்னும் இரு பெரும் இராகங்களுக்கும் இடையே சுர அமைப்பில் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். சங்கராபரணத்தில் மத்திமம் சற்றுத் தாழ்ந்து ஒலிக்கும். கல்யாணியில் அது உயர்ந்து ஒலிக்கும். ஏனைய சுரங்கள் ஒன்றே. இசை பயிலாத மாணவர் ஒருவர் முதல்நாள் இவ்விரண்டையும் கேட்டால், இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மறுநாள் வேறொரு பாடகர் கல்யாணியை விரித்துப் பாடும்போது, முன்பு எங்கோ கேட்ட சாயல் தெரியும். மூன்றாம் நாள் வீணையில் அதே இராகம் எழும்போது, அதன் பெயரை அறியாவிட்டாலும் அதன் முகத்தைச் செவி அடையாளம் கண்டுகொள்ளும். புதிய வகுப்பில் சேர்ந்த மாணவர், உடன்பயில்வோரின் முகங்களை முதலிலும் பெயர்களைப் பின்னரும் அறிந்துகொள்வதைப் போன்றது இது. எவரும் பாடம் நடத்தாமலே செவி தானாகப் பாடம் படித்துவிடுகிறது.

மும்பையில் வளரும் மாணவர்க்கு இதில் மேலும் ஒரு நன்மை உண்டு. கருநாடக இசையின் கல்யாணியும் இந்துஸ்தானி இசையின் யமனும் நெருங்கிய உறவுடையன. சபாவில் கல்யாணி கேட்டுப் பழகியவர்க்கு, அண்டை வீட்டு மராத்தியர் கேட்கும் யமன் அயலாகத் தோன்றாது. மொழி வேறாயினும் சுரம் ஒன்று என்பதைப் பலநாள் கேட்ட செவி உணரும்.

தளர்ச்சி

நிறையை மட்டும் கூறுவது நேர்மையாகாது. பலநாள் விழா உடலை வருத்தும். பள்ளி முடிந்து, வீட்டுப்பாடம் எழுதி, நெரிசல் மிக்க உள்ளூர் ரயிலில் சென்று, மூன்று மணிநேரம் அசையாமல் அமர்ந்திருத்தல் எளிதன்று. முதல்நாள் ஆர்வம் மூன்றாம் நாள் கொட்டாவியாக மாறுவது இயல்பு. பெரியோருக்கும் இதே நிலைதான். பாடகர் ஓய்ந்து, மிருதங்கக் கலைஞர் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கியதும், பலர் எழுந்து சிற்றுண்டிச்சாலையை நோக்கிச் செல்வதைச் சபாக்களில் காணலாம். ஆண்டுக்கணக்கில் பயின்ற ஒரு கலைஞர் தம் திறமுழுவதையும் காட்டும் நேரத்தில், அவர்முன் நாற்காலிகள் காலியாகின்றன.

இத்தளர்ச்சிக்கு முதற்காரணம் எண்ணிக்கை ஆசையே. பத்து நாளில் இருபது கச்சேரி கேட்டதாகப் பெருமை கொள்வோர் உண்டு. ஒன்றைப் பாதியில் விட்டு மற்றொன்றுக்கு விரைவோரும் உண்டு. விருந்தில் எல்லாப் பண்டங்களையும் இலையில் வாங்கிக்கொண்டு, எதனையும் சுவைத்து உண்ணாமல் எழுவதற்கு இது ஒப்பாகும்.

கொடையின் இசை

இனி, மற்றொரு விழாவை நோக்கலாம். தாராவியில் வாழும் தமிழருள் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். கோடை விடுமுறையில் நாகர்கோவில் ரயிலிலும் பிற ரயில்களிலும் ஊர் திரும்பும் குடும்பங்களுள் பல, கோயில் கொடையை எண்ணியே பயணநாளைக் குறிக்கின்றன. கொடைநாள்களில் நையாண்டி மேளம் முழங்கும். மகுடம் என்னும் தோற்கருவியை இசைத்துக் கணியான் கூத்து நிகழ்த்துவர். மணிகள் கட்டிய பெரிய வில்லை வீசுகோலால் தட்டி, குடமும் உடுக்கையும் தாளமும் ஒலிக்க, வில்லுப்பாட்டுக் குழுவினர் சுடலைமாடன் கதையையும் முத்துப்பட்டன் கதையையும் பாடுவர். சாதியைக் கடந்து மணம்புரிந்த முத்துப்பட்டனின் கதையை ஊரே விழித்திருந்து கேட்கும்.

இதனை இசைவிழா என்று எவரும் அச்சிட்டு அழைப்பதில்லை. ஆயினும் இதுவும் இசைவிழாவே. தாளம், குரல்வளம், பின்பாட்டு, கதையை வளர்த்துச் செல்லும் நுட்பம் ஆகிய அனைத்தும் இதில் உண்டு. ஆண்டுதோறும் அதே கதையைக் கேட்பவர்க்கு, இவ்வாண்டு புலவர் எங்கே விரித்தார், எங்கே சுருக்கினார் என்பது தெரியும். சபாவில் இராகம் செவியைப் பழக்குவதுபோல, இங்கே கதைப்பாட்டு செவியைப் பழக்குகிறது.

கொடைக்கும் குறையுண்டு. அது பெரும்பாலும் ஒலிபெருக்கியால் நேர்வது. தாளக்கருவிகளின் நுட்பத்தைப் பேரிரைச்சல் விழுங்கிவிடுகிறது. குழந்தைகளோ பெருக்கிப் பெட்டியின் அருகிலேயே அமர்ந்துவிடுகின்றனர். சிறுவர்கள் 75 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணிநேரத்திற்கு மேல் கேட்பது செவிக்கு நல்லதன்று என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. ஒலி மூன்று டெசிபெல் உயருந்தோறும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். செவியை வளர்க்கவேண்டிய விழா செவியைக் கெடுத்தல் தகாது.

வாயிலில் நிற்போர்

சபாவில் அமைதி உண்டு. ஆனால் அதன் வாயிலைக் கடக்கச் சீட்டு வேண்டும், சில இடங்களில் உறுப்பினராகவும் இருத்தல் வேண்டும். கொடையில் அமைதி குறைவு. ஆனால் மண்ணில் அமர்ந்து கேட்பதற்குக் கட்டணம் இல்லை. ஒரே வகுப்பில் அருகருகே அமரும் இரு தமிழ் மாணவருள், ஒருவர் சண்முகானந்தா அரங்கை நன்கறிந்தவராகவும், மற்றவர் அதன் வெளிச்சுவரை மட்டுமே பேருந்திலிருந்து கண்டவராகவும் இருக்கக்கூடும். முன்னவர் வில்லுப்பாட்டை ஒருமுறையும் கேட்டிராதவராகவும் இருக்கக்கூடும். இருவருக்கும் ஒவ்வோர் இழப்பு உண்டு. பலநாள் இசைவிழாவின் பெரிய குறை உடற்களைப்பு அன்று, இவ்விழப்பே ஆகும்.

வாயில்கள் முன்பும் அடைபட்டிருந்தன, முயன்றவர்களால் திறந்தன. 1847-இல் மறைந்த தியாகராசரின் நினைவாகத் திருவையாற்றில் நடைபெறும் ஆராதனை விழாவில், ஒருகாலத்தில் பெண்கள் பாடுவதற்கு இடமில்லை. தம் சொந்தப் பொருளைக் கொண்டு அங்கு நினைவாலயம் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள், பெண்களின் உரிமைக்காகத் தளராமல் போராடினார். இன்று ஆணும் பெண்ணும் ஒருங்கே அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகின்றனர். கச்சேரி மேடையில் தமிழ்ப்பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்ற இயக்கத்தின் விளைவாக 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. 2020 டிசம்பரில் சென்னையில் ‘மார்கழியில் மக்களிசை’ என்னும் விழா தொடங்கி, கானாவுக்கும் பறைக்கும் ஒப்பாரிக்கும் மார்கழி மேடையை அமைத்துத் தந்தது.

மறுப்பும் விடையும்

“வாயிலைத் திறந்துவிட்டால் செலவுக்கு என்ன செய்வது?” எனச் சிலர் வினவுவர். இது நியாயமான வினாவே. கலைஞர்க்கு ஊதியம் வேண்டும். அரங்கிற்கு மின்சாரமும் பராமரிப்பும் வேண்டும். இலவசம் என்ற பெயரால் கலைஞரை வெறுங்கையோடு அனுப்புதல் முறையன்று. ஆனால், கட்டணத்திற்கும் இலவசத்திற்கும் இடைப்பட்ட வழிகளும் உள்ளன.

மும்பைக்கு அண்மையிலேயே அதற்குச் சான்று உண்டு. புனேயில் பண்டிட் பீம்சேன் ஜோஷி தம் குரு சவாய் கந்தர்வரின் நினைவாக 1953-இல் தொடங்கிய விழா, ஆண்டுதோறும் டிசம்பரில் பல நாள் நடைபெறுகிறது. அங்கு நாற்காலி இருக்கைகளோடு, குறைந்த கட்டணத்தில் தரையில் அமர்ந்து கேட்கும் பகுதியும் உண்டு. முற்காலத்தில் அவ்விழா விடியும்வரை நீண்டது. இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2000-இல் வந்தபின், விழாவின் நேரத்தை மாற்றியமைக்க நேர்ந்தது. பின்னிரவு இராகங்களை அவற்றுக்குரிய வேளையிலேயே கேட்கும் வாய்ப்புக் குறைந்தது. அண்டை வீட்டு நோயாளிக்கும் குழந்தைக்கும் உறக்கம் கிடைத்தது. ஒன்றைப் பெற ஒன்றை விட்டுக்கொடுத்தும் விழா நிலைபெற்றுள்ளது. மும்பையிலேயே காலா கோடா கலைவிழா 1999 முதல் நடந்துவருகிறது. ஒன்பது நாள் நிகழும் அவ்விழாவில் இசைநிகழ்ச்சிகளைக் கட்டணமின்றிக் கேட்கலாம்.

முடிவுரை

பலநாள் இசைவிழாவில் கலந்துகொள்வது நன்று. ஆனால் அதற்கு இரு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, கேட்போர்க்கு உரியது. எல்லாவற்றையும் கேட்க முயலாமல், நாளுக்கு ஒரு கச்சேரியைத் தேர்ந்து, தனி ஆவர்த்தனம் உட்பட மங்களம் வரை கேட்டல் வேண்டும். களைத்த நாளில் வீட்டிலிருந்து ஓய்வெடுத்தல் இழுக்கன்று. இரண்டாவது, விழா எடுப்போர்க்கு உரியது. சபாக்கள் மாணவர்க்குக் குறைந்த கட்டணச் சீட்டும், விழாவில் ஒருநாள் வில்லுப்பாட்டுக்கும் பறைக்கும் மேடையும் தரலாம். கொடை எடுப்போர் ஒலிபெருக்கியைத் தணித்து, புலவரின் சொல்லும் உடுக்கையின் நடையும் தெளிவாகக் கேட்கச் செய்யலாம்.

மாட்டுங்காவிலிருந்து தாராவி நடந்து செல்லும் தொலைவே. அவ்வழியில் இருபுறத்துக் குழந்தைகளும் நடக்கவேண்டும். கல்யாணியையும் வில்லின் மணியோசையையும் ஒருங்கே அறிந்த தலைமுறை ஒன்று இந்நகரில் வளருமாயின், அதுவே இங்குள்ள தமிழர் எடுக்கும் விழாக்களுள் சிறந்ததாகும்.

பயிற்சி

அருஞ்சொற்பொருள்
முரசறைவோன் – முரசு அடித்துச் செய்தி அறிவிப்பவன்
தனி ஆவர்த்தனம் – கச்சேரியில் தாளக்கருவிக் கலைஞர்கள் மட்டும் வாசிக்கும் பகுதி
கொடை – தென்மாவட்டக் கோயில்களில் நடைபெறும் பெருவிழா
வீசுகோல் – வில்லை அடித்து இசைக்கும் கோல்

சிந்தித்து எழுதுக
1. கல்யாணி, சங்கராபரணம் இவற்றின் வேறுபாடு யாது? பலநாள் கேட்பது அதனை உணர எவ்வாறு உதவுகிறது?
2. சபாக் கச்சேரி, கோயில் கொடை ஆகிய இரண்டின் நிறைகுறைகளையும் அட்டவணைப்படுத்துக.
3. “விழா என்பது மேடையில் இருப்போரால் மட்டும் நிகழ்வதன்று” என்னும் கருத்தை மணிமேகலைச் செய்திகொண்டு விளக்குக.
4. கட்டுரையின் கருத்தோடு நீவிர் உடன்படுகிறீரா, மாறுபடுகிறீரா? காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.

செயல்பாடு
வீட்டிலுள்ள பெரியோரிடம் அவர்கள் ஊரில் பலநாள் நடைபெறும் இசைநிகழ்ச்சி ஒன்றைப் பற்றிக் கேட்டறிந்து, அதில் இடம்பெறும் இசைக்கருவிகளின் பெயர்களைத் தொகுத்து வகுப்பில் பேசுக.