லினக்ஸ் மேல் சுமத்தப்படும் பழிகள்

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. 2017-க்கு முன் வந்த பெரும்பாலான இன்டெல் கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. லினக்ஸ் வகைகளான உபுண்டுவோ மின்ட்டோ போடலாமே என்று யாராவது சொன்னால் பதில் தயாராக இருக்கும்: "போட்டுப் பாத்தாச்சு சார். மணி தப்பாக் காட்டும், டிரைவ்ல எதையும் சேமிக்க விடாது, வைஃபை வராது, ஸ்கிரீன் கறுத்துடும். அதெல்லாம் கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு." இந்தக் கோளாறுகள் வருவது உண்மை. அவற்றுக்கு லினக்ஸ்தான் காரணம் என்பதும், சாதாரண ஆளால் அவற்றைத் தீர்க்க முடியாது என்பதும் உண்மையல்ல.

முதலில் மணி. ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்திருப்பவர்கள், லினக்ஸுக்குப் போய்விட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைப்பது லினக்ஸின் வழக்கம். விண்டோஸ் அதே கடிகாரத்தை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் அந்த ஐந்தரை மணி நேரம். கடிகாரத்தை உள்ளூர் நேரத்திலேயே வைக்கும்படி லினக்ஸில் ஒரே கட்டளை கொடுத்தால் சிக்கல் தீர்ந்தது. கோடையில் கடிகாரத்தை மாற்றி வைக்கும் நாடுகளில் இந்த வழி குழப்பம் தரலாம் என்று எச்சரிக்கிறார்கள்; இந்தியாவில் அந்த வழக்கமே இல்லாததால் கவலையின்றிச் செய்யலாம்.

அடுத்த புகார், விண்டோஸ் டிரைவில் உள்ள கோப்புகளைத் திறக்க முடிகிறது, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை என்பது. இதற்கு வேர் விண்டோஸில் இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியால், ஷட்டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை. விண்டோஸ் தன் நிலையை டிஸ்கில் எழுதிவிட்டு உறக்கத்துக்குப் போகிறது. பாதி வேலையில் நிற்கும் அந்த டிரைவில் இன்னொரு இயங்குதளம் கை வைத்தால் கோப்புகள் சிதையும். அதனால் லினக்ஸ் 'படிக்க மட்டும்' என்று நிறுத்திக்கொள்கிறது. பயனருடைய கல்யாண ஃபோட்டோக்களையும் கணக்குகளையும் காப்பாற்றும் செயல் இது. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு, ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலும் போதும்.

வைஃபை பற்றிய புகாரில் பழைய நியாயம் உண்டு. பிராட்காம் போன்ற சில சிப்புகளுக்கு அவற்றைத் தயாரித்த நிறுவனம் தரும் ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும். அதன் உரிமம் கட்டற்றதல்ல என்பதால் டெபியன் என்ற லினக்ஸ் வகை நெடுங்காலம் அதைத் தன் நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து முடிவை மாற்றினார்கள். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல் அத்தகைய கோப்புகளில் பெரும்பாலானவை வட்டிலேயே வருகின்றன. இன்றும் ஏதாவது ஒரு சிப் அடம்பிடித்தால், ஆண்ட்ராய்டு ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள். இணையம் வந்ததும் உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்தால் தேவையானதை அதுவே காட்டும். வைஃபை டிரைவர் இல்லாத லேப்டாப்பில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றுபவரும் 'நெட்வொர்க்கில் இணையுங்கள்' என்ற திரையில் மாட்டிக்கொள்வார். கடையில் வாங்கும் கணினியில் இந்த வேலையைத் தயாரிப்பாளர் முன்பே முடித்துக் கொடுப்பதால் விண்டோஸில் அது நம் கண்ணில் படுவதில்லை.

திரை கறுப்பது பெரும்பாலும் என்விடியா கார்டு உள்ள கணினிகளில். கணினி தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்று ஆங்கிலத்தில் சேர்த்து எஃப்10 அழுத்தினால் திரை வந்துவிடும். பிறகு என்விடியா டிரைவரைப் போட வேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இயங்கும் கணினியில் டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை ஒன்று வரும். அதில் 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். புரியாமல் 'கன்டின்யூ' கொடுத்துவிட்டால் டிரைவர் ஏறாது, பழி லினக்ஸ் மேல் விழும். இந்த இடத்தில் நிறுவிகள் இன்னும் தெளிவாகப் பேசலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கு இந்தத் தொல்லை பொதுவாகக் கிடையாது. அவற்றின் டிரைவர்கள் கெர்னலுடனேயே வருகின்றன.

"எதையும் இன்ஸ்டால் பண்ண விடாது, ஏதோ லாக் என்கிறது" என்பது உபுண்டு போட்ட முதல் நாளில் வரும் புகார். பின்னணியில் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தானாக இறங்கிக்கொண்டிருக்கும். அது முடியும்வரை வேறு நிறுவலுக்கு இடமில்லை. சிறிது நேரம் பொறுத்தால் போதும். அந்த லாக் கோப்பை அழித்துவிடு என்று சொல்லித்தரும் யூடியூப் வீடியோக்களை நம்பாதீர்கள். நன்றாக இருந்த கணினி அப்படித்தான் கெடுகிறது.

தமிழ் அடிக்க முடியாது என்பது வெறும் வதந்தி. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளுடன் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு எல்லாம் கிடைக்கும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் அந்த எழுத்துரு கணினியில் இல்லை என்று பொருள். விண்டோஸிலும் அப்படித்தான் தெரியும்.

சில புகார்களுக்கு மறுப்பு இல்லை. டேலி, ஃபோட்டோஷாப், ஆட்டோகேட் மூன்றும் லினக்ஸுக்கென்று வருவதில்லை. ஜெராக்ஸ் கடைகளில் காணும் கேனான் எல்பிபி 2900 போன்ற பிரிண்டர்களை ஓடவைக்கப் பொறுமை வேண்டும். பிழைப்பே இவற்றில் இருப்பவர்கள் மாறாமல் இருப்பதுதான் சரி. ஆனால் பிரவுசர், கடிதம், கணக்குத்தாள், சினிமா என்று பயன்படுத்துவோர்தான் ஏராளம். அவர்களை டேலியைக் காட்டிப் பயமுறுத்துவது நியாயமில்லை.

மாற நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். டிஸ்கில் எதுவும் மாறாது. வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர், லேப்டாப்பை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று எல்லாவற்றையும் அப்போதே சோதியுங்கள். திருப்தியானால் கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகலெடுத்து, விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துவிட்டு நிறுவுங்கள். பிறகு எங்காவது தடங்கினால், திரையில் வரும் பிழைச் செய்தியை ஓர் எழுத்து விடாமல் குறித்துக்கொண்டு உதவி கேளுங்கள்.