ஆஸ்பத்திரி இயந்திரமும் கடன் தறியும்

நெசவாளர் குடும்பங்களில் மூத்தோர் நன்கு அறிந்த கணக்கு ஒன்று உண்டு. கையில் முதல் இல்லாத நெசவாளிக்கு நூல் வியாபாரி தறியை இனாமாகவே கொடுப்பார். "தறிக்குப் பணம் வேண்டாம், நூலை என்னிடமே வாங்கு, துணியை என்னிடமே போடு" என்பார். நூலின் விலையைச் சொல்பவரும் அவரே. துணியின் விலையைச் சொல்பவரும் அவரே. பத்தாண்டு நெய்தபின் கணக்குப் பார்த்தால், தறியின் விலையைப் போலப் பன்மடங்கு கொடுத்தாகியிருக்கும். ஆயினும் தறி நெய்தவனுக்குச் சொந்தமாகி இராது. இந்த நிலையிலிருந்து நெசவாளியை மீட்பதே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தலையாய நோக்கமாக இருந்து வந்திருக்கிறது.

அதே ஏற்பாடு இப்போது ஆஸ்பத்திரிகளுக்குள்ளும் வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனை இயந்திரத்தை ஒரு கம்பெனி விலையின்றி நிறுவித் தருகிறது. அதில் ஊற்றும் ரசாயனத்தைத் தன்னிடமே வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. ஸ்கேன், எக்ஸ்ரே, டயாலிசிஸ் இயந்திரங்களைத் தனியார் தம் முதலில் வாங்கி வைத்து, பராமரித்து, ஆண்டுக்கு இவ்வளவு என்றோ, நோயாளி ஒருவருக்கு இவ்வளவு என்றோ சர்க்காரிடம் பெற்றுக்கொள்ளும் முறையும் பல நாடுகளில் பரவியுள்ளது. கட்டுபவை நாம் செலுத்தும் வரிகள். படுப்பவர் நம் வீட்டார். ஆதலின் சங்க அங்கத்தினர்களாகிய நாம் இதைச் சிந்திப்பது அவசியம்.

தனியார் முதல் என்றாலே தீது என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. சர்க்கார் சொந்தமாக வாங்கிய இயந்திரங்கள் யாவும் செவ்வனே ஓடுகின்றன என்று யாரும் சொல்ல முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றபோது எக்ஸ்ரே அறைக் கதவில் "இயந்திரம் பழுது" என்ற அட்டை தொங்கிற்று. எத்தனை நாளாக என்று கேட்டேன். அட்டையை மாட்டியவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்பதே கிடைத்த பதில்.

இது தனி ஓர் ஆஸ்பத்திரியின் குறையன்று. 2015ஆம் ஆண்டில் தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் மருத்துவக் கருவிகளின் பராமரிப்புக்கென ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அதன்பொருட்டு எடுக்கப்பட்ட கணக்கில், 29,115 சுகாதார நிலையங்களில் ஏறத்தாழ 4,564 கோடி ரூபாய் பெறுமான 7,56,750 கருவிகள் இருக்கக் கண்டனர். மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவிகிதம் வரை அவை வேலை செய்யாமல் கிடந்தன. வாங்கும்போது விழா உண்டு, கல்வெட்டு உண்டு. பழுது பார்ப்பதற்கு வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு இருப்பது அரிது. சங்கங்களின் ஏடுகளைப் பார்வையிடும் எனக்கு இந்த நோய் புதிதன்று. ஆயில் எஞ்சின் வாங்கிய ரசீது பத்திரமாக இருக்கும். தேய்மானத்துக்கு ஒதுக்கிய தொகை மட்டும் இராது.

எனவே தனியாரிடம் விட்டால் இக்குறை நீங்குமா என்ற வினா எழுகிறது. ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டின் அனுபவம் நமக்கு நல்ல பாடம். 2015இல் அந்நாட்டு அரசாங்கம் 98 ஆஸ்பத்திரிகளுக்கு இயந்திரங்களை ஏழாண்டுக் குத்தகையாக வெளிநாட்டுக் கம்பெனிகளிடமிருந்து பெற்றது. வைத்துப் பராமரிப்பது கம்பெனிகளின் பொறுப்பு. பணம் கட்டுவது அங்குள்ள 47 மாவட்ட நிர்வாகங்களின் பொறுப்பு. மாவட்டம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒன்பதரைக் கோடி ஷில்லிங் என்று தொடங்கிய தொகை சில ஆண்டுகளிலேயே 20 கோடியாயிற்று. பல இடங்களில் மின்சாரம் இல்லை. சில இடங்களில் தண்ணீர் இல்லை. இயக்கத் தெரிந்தவர் இல்லை. இயந்திரங்கள் பெட்டியிலேயே கிடந்தன. ஆனால் குத்தகைப் பணம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. 2020இல் அந்நாட்டு செனட் சபையின் குழு இந்த ஏற்பாட்டை மிகக் கடுமையாகக் கண்டித்தது.

தவறு எங்கே நேர்ந்தது? இயந்திரம் இருப்பதற்குப் பணம் என்று ஒப்பந்தம் எழுதினார்களே ஒழிய, இயந்திரம் ஓடுவதற்குப் பணம் என்று எழுதவில்லை.

நம் நாட்டில் 2016-17ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட டயாலிசிஸ் திட்டம் இவ்வகையில் சற்று மேலானது. இடமும் மின்சாரமும் தண்ணீரும் சர்க்காருடையவை; இயந்திரமும் ஆட்களும் தனியாருடையவை. ஏழை நோயாளிக்குச் செய்யும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் பணம் கொடுக்கப்படுகிறது. ஓடாத இயந்திரத்துக்குக் கூலி கிடையாது. நெய்த முழத்துக்குக் கூலி என்பது போன்ற நேரான கணக்கு இது. ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. நோயாளிகள் மிகுதியாக வரும் நகரத்துக்குத் தனியார் மனமுவந்து வருவார். மாதத்துக்கு நாலு பேர் வரும் மலையடிவாரத்துக்கு வரமாட்டார். லாபம் பார்ப்பவரை அதற்காகக் குறை கூறிப் பயனில்லை.

பராமரிப்புத் திட்டத்தின் நிபந்தனைகளிலும் இதே ஏற்றத்தாழ்வைக் காணலாம். மாவட்ட ஆஸ்பத்திரியில் கருவிகள் 95 சதவிகித நேரமும், சமுதாய சுகாதார நிலையத்தில் 90 சதவிகித நேரமும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80 சதவிகித நேரமும் ஓட வேண்டும் என்பது விதி. இதை நாட்கணக்காக்கிப் பாருங்கள். மாவட்டத் தலைநகரில் ஆண்டுக்குப் பதினெட்டு நாட்கள் நின்றால் பொறுக்கலாம்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் 73 நாட்கள் நின்றாலும் ஒப்பந்தம் மீறப்பட்டதாகாது. நகரத்தில் ஒன்று நின்றால் பக்கத்திலேயே மற்றொன்று உண்டு. கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் உள்ளவர்கள் மலையிறங்கித்தான் அடுத்த இயந்திரத்தைத் தேட வேண்டும். மாற்று வழி இல்லாத இடத்துக்கே அதிகக் காத்திருப்பை விதிப்பது எந்த நியாயம்?

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் இரையானதை நாம் மறக்கவில்லை. அவ்விஷத்துக்கு டயாலிசிஸ் முக்கியமான சிகிச்சைகளுள் ஒன்று. கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மட்டுமன்றி சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களுக்கும் நோயாளிகள் கொண்டுசெல்லப்பட்டனர். அத்தகைய வேளையில், இயந்திரம் யார் முதலில் வாங்கியது என்று எந்தத் தாயும் கேட்பதில்லை. ஓடுகிறதா என்றுதான் கேட்கிறாள்.

ஆகவே என் கருத்து இது. முதலாவதாக, தூரமும் ஏழ்மையும் மிகுந்த இடங்களில் இயந்திரம் பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும். 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி வழங்குவதோடு, அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் நிலையங்களையும் குறைந்த கட்டணத்தில் நடத்தி வருகிறது. பொது நிறுவனத்தால் ஆகாது என்ற வாதத்துக்கு இதுவே விடை. இரண்டாவதாக, வாங்கும் தொகையுடனேயே பராமரிப்புத் தொகையையும் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும். மூன்றாவதாக, தனியாரை அமர்த்துமிடத்து, ஓடிய நாளுக்கு மட்டுமே பணம், நின்ற நாளுக்குப் பிடித்தம் என்று எழுத வேண்டும். உதிரிப் பாகமும் ரசாயனமும் வேறிடத்தில் வாங்கும் உரிமையையும், குத்தகை முடிவில் இயந்திரம் யாருக்குச் சேரும் என்பதையும் எழுத வேண்டும். நான்காவதாக, இயந்திரம் நின்ற நாளும் மறுபடி ஓடிய நாளும் குறித்த ஏடு ஒன்று மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதை நாமே தொடங்கலாம். கிராம சபையில் எழுந்து கேட்கலாம். ஆஸ்பத்திரியின் நோயாளர் நலச் சங்கத்துக்கு எழுதலாம். கரும்பு ஆலையில் எடைமேடையைக் கூர்ந்து பார்ப்பவர்கள் நாம். நூல் கட்டின் எடை குறைந்தால் அன்றே கேட்பவர்கள் நாம். சங்கராபுரம் வட்டாரத்துச் சங்கங்கள் அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைத்து, "நம் ஆஸ்பத்திரியில் சென்ற ஆண்டு எந்த இயந்திரம் எத்தனை நாள் நின்றது?" என்ற ஒரே கேள்வியைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.