மாத்தறது குத்தமா, மறைக்கறது குத்தமா?

கலிஃபோர்னியாவில் ஒரு கார் விற்பனைக்கு வந்திருக்கு. 1995 செவர்லே கமாரோ இஸட்28. 5.7 லிட்டர் வி8, கம்பெனிக் கணக்கில் 275 குதிரைத்திறன். விக்கறவர் தான் மாத்தின ஏர் இன்டேக், சைலன்சர், ஸ்பிரிங், முன் பிரேக் எல்லாத்தையும் வரிசையா எழுதி, எத்தனை மைலில் மாட்டினது, பில் இருக்கா, புகைச் சோதனை எப்போ பாஸ் ஆச்சுங்கறது வரைக்கும் சொல்லியிருக்கார்.

கொள்ளேகால் நண்பர்களுக்கு அனுப்பினேன். "அமெரிக்காவுல என்ன வேணா பண்ணலாம், இங்க கை வெச்சாலே கேஸுடா"ன்னு பதில் வந்தது. முதல் பாதி சுத்தப் பொய். ரெண்டாம் பாதி கசப்பான உண்மை.

இந்த மாநிலத்தில் 1976-க்கு அப்புறம் வந்த பெட்ரோல் கார்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புகைச் சோதனை. புகையைப் பாதிக்கற பார்ட் போட்டா, காற்று வாரியத்தோட விலக்கு எண் அதுக்கு இருக்கணும். எஞ்சினையே மாத்தறீங்களா? அது காரோட வருஷம் அல்லது அதுக்கப்புறம் வந்ததா இருக்கணும், அதோட புகைக் கட்டுப்பாட்டு சாமான் மொத்தமும் கூடவே வரணும். அதுக்குன்னு இருக்கற ரெஃப்ரி பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவார். மாத்தலாம், ஆனா சோதனையில் பாஸ் ஆகணும். அவ்வளவுதான் விஷயம்.

நம்ம ஊர்ல? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 1988-ல் எழுதினபோது, ஆர்.டி.ஓ. கிட்ட சொல்லி அனுமதி வாங்கி ஆர்.சி. புக்கில் ஏத்தினா மாத்தலாம். பெட்ரோல் அம்பாசடரில் டீசல் எஞ்சின் ஏத்தி எத்தனை டாக்ஸிக்காரங்க குடும்பம் நடத்தினாங்கன்னு உங்க ஊர் ஸ்டாண்டில் கேளுங்க. 2000-ல் பிரிவைத் திருத்தினாங்க: உற்பத்தியாளர் சொன்ன அமைப்பிலிருந்து விலகக் கூடாது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதை அழுத்தமா உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், அல்லது ரெண்டும். அங்கீகரிச்ச கேஸ் கிட், எலெக்ட்ரிக் கிட், மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றம்னு சில கதவுகள்தான் திறந்திருக்கு.

சரி, இதனால மாத்தறது நின்னுச்சா? இல்லவே இல்லை. சொல்றதுதான் நின்னுச்சு. ஸ்பிரிங்கை வெட்டி இறக்கின கார் "கம்பெனி கண்டிஷன் சார்"னு கைமாறுது. வாங்கின அப்பாவி அதுல குழந்தை குட்டியோட சாமராஜநகர் தாண்டி, திம்பம் மலையோட 27 கொண்டை ஊசி வளைவில் இறங்கறான். அடிபட்டா இன்சூரன்ஸ் சர்வேயர் வந்துதான் அவனுக்கே உண்மை தெரியணுமா? வெட்டினவன் அடுத்த காரை வெட்டிட்டு இருப்பான்.

"விட்டா பசங்க சைலன்சரைக் கழட்டிட்டு ஊரையே அலற வெப்பானுங்க"ன்னு சிலர் சண்டைக்கு வருவாங்க. சத்தத்துக்கு அளவு இருக்கு, மீட்டர் இருக்கு, பிடிச்சு அபராதம் போடுங்க, நானும் கூட வரேன். ஆனா அலற வெக்கறவனும், மலை ரோட்டுக்காகப் பெரிய பிரேக் போடறவனும் ஒரே பட்டியலில் இருந்தா அது பாதுகாப்பு இல்லை சாமி, சோம்பேறித்தனம். பிரிச்சுப் பார்க்க சோதனை நிலையம் வேணும், படிச்ச இன்ஸ்பெக்டர் வேணும். தடைக்கு ஒரு சட்டப்புத்தகம் போதும்.

கேக்கறது ரொம்ப சின்ன விஷயம். பாதுகாப்பான பார்ட்டுகளுக்கு ஒரு பட்டியல் போடுங்க. மத்ததுக்கு சோதனை வைங்க. பாஸ் ஆனா ஆர்.சி.யில் ஏத்துங்க, ஆகலைன்னா ரோட்டில் விடாதீங்க. அடுத்து வாங்கறவன் படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்.

கொள்ளேகால் 1956 வரைக்கும் கோயமுத்தூர் ஜில்லா, அப்புறம் மைசூர் ஜில்லா, 1997-லிருந்து சாமராஜநகர் ஜில்லா. ஒரு ஊரையே ரெண்டு தடவை மாத்தி ஒழுங்கா ரெக்கார்டில் ஏத்தத் தெரிஞ்ச சர்க்காருக்கு, ஒரு பிரேக்கை ஏத்தத் தெரியாதா என்ன? :-)