கமராவுக்குள் இருந்த அப்பாச்சி

அண்மையில் ஒரு மாலைப் பொழுதில், நம்முடன் கற்பிக்கும் நண்பர் ஒருவர் தம் மூத்த மகனையும் அழைத்துக்கொண்டு நம் இல்லத்துக்கு வந்தார். கையிலே பழைய டிஜிற்றல் கமரா, முகத்திலே கலக்கம். அவருடைய தாயார் சிவபதமடைந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. 31ஆம் நாள் நினைவு மலருக்கு அம்மையாரின் படம் வேண்டும். அவரோ படமென்றாலே முகத்தை மறைப்பவர். கடைசிப் பேத்தியின் பல்லுக்கொழுக்கட்டையன்று எடுத்த சில படங்களே உள. அவற்றைக் கணினிக்கு மாற்ற இயலவில்லை என்றார்.

எந்த வயரைக் கொழுவினீர்கள் என்று வினவினோம். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் வயரை எடுத்து நீட்டினார். முனை பொருந்துகிறதே என்பது அவர் வாதம். சாதாரண யு.எஸ்.பி. வயருக்குள் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு மின்சாரத்தைக் கடத்துவன. மற்றை இரண்டே படங்களைக் கடத்துவன. மலிவான வயர்கள் சிலவற்றில் இப்பின்னைய இரண்டும் இருப்பதேயில்லை. நம்மிடமிருந்த நல்ல வயரைக் கொழுவியதும் கணினி கமராவை அறிந்துகொண்டது. ஆனால் பற்றரி தளர்ந்து கமரா இடையிலே அணைந்துவிட்டது.

எனவே மெமரி காட்டை வெளியே எடுத்தோம். வீட்டிலிருந்த காட் றீடரில் அதை முன்னரே இட்டதாகவும், "போர்மட் செய்யவா?" என்று கணினி கேட்டதாகவும் மகன் கூறினான். 'ஆம்' என்று அழுத்தப் போனவனைத் தந்தையார் தடுத்தாராம். அவர் செய்த பெரும் புண்ணியம் அது! காட்டிலே பழுதில்லை. அது 8 ஜிகாபைற் கொள்ளளவுடைய எஸ்.டி.எச்.சி. வகை. 2006இல் அவ்வகை வருமுன் செய்யப்பட்ட றீடர்கள் பல அதனைப் படிக்கமாட்டா. படிக்க இயலாமையையே காட்டின் குற்றமாகக் கூறிவிடும்.

நமது றீடரில் இட்டதும் டி.சி.ஐ.எம். என்னும் கோப்புறை திறந்தது. இல்ல விளையாட்டுப் போட்டிப் படங்கள் நிறைய இருந்தன. அப்பாச்சியைக் காணோம். மகன் தலைகுனிந்தான். போட்டியன்று இடம் போதாமையால் பழைய படங்களை அவனே அழித்திருக்கிறான். நண்பர் ஒன்றும் பேசவில்லை. ஏசியிருந்தால் பையனுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

வகுப்பு இடாப்பில் ஒரு மாணவனின் பெயரை வெட்டிவிட்டாலும், அவன் இடத்தில் வேறொருவன் வந்து அமரும்வரை அவன் வாங்கிலேயே இருப்பானல்லவா? கமராவில் அழித்தலும் பெரும்பாலும் அத்தகையதே. ஆகவே, தவறுதலாகப் படம் அழிந்தால் அக்காட்டில் புதிதாக ஒரு படமேனும் எடுத்தலாகாது. காட்டின் ஓரத்திலுள்ள சிறு பூட்டை உடனே தள்ளிவிடுக. போட்டோறெக் என்னும் இலவசச் செயலி இத்தகைய படங்களைத் தேடித் தரும். மீட்டவற்றைக் கணினியிலேயே சேமித்தல் வேண்டும். அதே காட்டில் சேமித்தால் எஞ்சியவையும் அழியும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். அன்றைய படங்களில் மூன்றே மீண்டன. இரண்டில் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். மூன்றாவது முழுமையாயிருந்தது: அம்மையார் கொழுக்கட்டைத் தட்டுடன் யாரையோ பார்த்துச் சிரிக்கிறார், நெற்றியிலே மா ஒட்டியிருக்கிறது.

அந்த மாவை அகற்றித் தருவதாக அச்சகத்தார் கூறினராம். வேண்டாமென்று சொன்னவன் மகன்தான்.