சுவரே ஆசானாக

வாங்கிய கடனை இறுக்க மாட்டாதாரைச் சிறையிலடைக்கும் வழக்கம் முன்னாளில் இங்கிலாந்திலே இருந்தது. இலண்டன் மாநகரின் ஃபிளீற், கிங்ஸ் பெஞ்ச் என்னும் சிறைகளிற் கிடந்தோர், பொழுது போக்கும் பொருட்டு முற்றத்து மதிலில் மட்டையாற் பந்தை அடித்து ஆடினர். 'றக்கெற்ஸ்' என்னும் அவ்வாட்டம் நாளடைவிற் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் ஹறோ பாடசாலையை அடைந்தது. அங்கே களம் ஒன்றிரண்டு, ஆடுவோரோ பலர். தம் முறை வருமளவும் காத்திருந்த மாணவர், மெல்லிய இறப்பர்ப் பந்தைப் பக்கத்துச் சுவர்களில் அடித்துப் பழகினர். அது கெட்டிப்பந்துபோல விரைந்து மீளாது, நசுங்கி மெல்ல எழும். ஆதலால் ஓடியோடி எடுத்தல் வேண்டும். நசுங்குதலைக் குறிக்கும் 'ஸ்குவாஷ்' என்பதே ஆட்டத்தின் பெயராயிற்று. 1864ஆம் ஆண்டில் அதற்கெனவே நான்கு களங்கள் அப்பாடசாலையில் எழுந்தன.

பின்னர்ப் பிரித்தானியப் படைகளுடன் இவ்வாட்டம் கடல் கடந்தது. உலகின் தலையாய போட்டியெனப் பன்னெடுங்காலம் மதிக்கப்பெற்ற பிரித்தானியப் பகிரங்கப் போட்டி, மகளிர்க்கு 1922இலும் ஆடவர்க்கு 1930இலும் தொடங்கியது.

இனி நாம் பெஷாவர் நகருக்குச் செல்வோம். அங்கு ஆங்கில அதிகாரிகளின் கழகத்திலே கூரையில்லாத களங்கள் இருந்தன. சுவருக்கு மேலாகப் பறந்த பந்துகளைப் பொறுக்கிக் கொடுத்தவன், அயற் கிராமமாகிய நவாக்கில்லியைச் சேர்ந்த ஹாஷிம் கான் என்னுஞ் சிறுவன். அக்கழகத்துப் பணியாளர் தலைவராயிருந்த தந்தையை இழந்து, படிப்பையும் விட்டவன். அதிகாரிகள் வெயிலுக்கஞ்சி அகன்ற நண்பகலில், வெறுங்காலுடன் களத்தினுட் புகுந்து தனியே ஆடுவான். அவனுக்குச் சுவரே எதிராளி, சுவரே ஆசான்.

1951ஆம் ஆண்டு, முப்பது வயதைக் கடந்த ஹாஷிம், பாக்கிஸ்தான் விமானப்படையின் ஆதரவுடன் இங்கிலாந்து சென்றார். நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வாகை சூடியிருந்த எகிப்தியராகிய மஹ்மூத் கரீமை, 9-5, 9-0, 9-0 என இறுதியாட்டத்தில் வீழ்த்தினார். அப்பட்டத்தை அவர் பெற்றது ஏழு முறை. தம்பி அசாம் கானும், உறவினர் றோஷன் கானும் அவ்வழியே வென்றனர். றோஷனின் மைந்தர் ஜஹாங்கீர், 1982 முதல் 1991 வரை பத்து ஆண்டுகள் இடைவிடாது வென்றார். நெடுங்காலம் வெளியே நின்ற இவ்வாட்டத்தை 2028ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் விழாவிற் சேர்க்க, 2023ஆம் ஆண்டு மும்பையிற் கூடிய ஒலிம்பிக் சபை இசைந்தது.

இவ்வரலாற்றில் நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. ஹாஷிமுக்குப் பயிற்சியாளர் இலர். நல்ல காலணியும் இல்லை. ஆயினும், ஆளற்ற வேளையிற் களம் அவருக்குத் திறந்திருந்தது. அது பூட்டப்பட்டிருந்தால், உலகம் அவர் பெயரை அறிந்திராது. பந்து பொறுக்கும் சிறுவர் எல்லா ஊர்களிலும் உளர். களத்தின் திறவுகோலைக் கையில் வைத்திருக்கும் பெரியோர் இதனை எண்ணுவாராக. மாணவரோ, காத்திருக்கும் பொழுதையும் வீணாக்காது, கிடைத்த சுவரிற் பந்தை அடித்துப் பழகுவாராக!