பிலிகுண்டுலுவில் எண்ணாத மீன்

இந்த வாரம் பத்திக்காரருக்குக் கோபம். காரணம் ஒரு மீன். அதுவும் ஓசூரிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஆரம்பிக்கும் கடலில் வாழும் மீன்.

சிப்காட்டில் டூல் ரூம் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் நான்கு நாள் லீவு போட்டு அந்தமான் போய்வந்தார். திரும்பியதும் டீக்கடையில் போனை நீட்டினார். படகுக்குப் பின்னால் கடல் பிளக்கிறது. ஈட்டி மூக்கோடு ஒரு மீன் எழும்பி, வாலை ஊன்றி ஒரு கணம் நின்று, பக்கவாட்டில் சரிந்து விழுகிறது. “மர்லின்ணா” என்றார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, “மன்றோவா?” என்றார்.

விடியுமுன் கிளம்பிய படகு, பொய் இரைகளை இழுத்துக்கொண்டு மத்தியானம்வரை சும்மாவே சுற்றியதாம். வாந்திதான் மிச்சம் என்று நினைத்தபோது ரீல் அலறியது. அதன்பின் நாற்பது நிமிட இழுபறி. படகோரம் வந்த மீனின் வாயிலிருந்து கொக்கியைக் கழற்றி, அதை விட்டுவிட்டார்கள். தமிழகக் கடற்கரையில் மயில்மீன் என்று ஒன்று உண்டு. முதுகுத் துடுப்பை மயில்தோகைபோல விரிக்கும். மர்லின் அதற்குப் பங்காளி.

மீனைவிட ரீலைப் பற்றித்தான் இளைஞர் அதிகம் பேசினார். “உள்ளே நம்ம கிளட்ச் பிளேட் மாதிரிதாண்ணா. நரம்பு எவ்வளவு எடை தாங்குமோ, அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல பிரேக் வைக்கக் கூடாது. இறுக்குனா அறுந்துடும். விட்டா மொத்தத்தையும் உருவிட்டுப் போயிடும்.” டீ கிளாஸை ரீலாக்கி, கட்டைவிரலால் லீவரைத் தள்ளிக் காட்டினார். இதுவரை பத்திக்காரருக்குக் கோபம் வரவில்லை.

பத்திக்காரரும் தன் பங்குக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டார். 1953 ஆகஸ்ட் 4 அன்று, பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரட் கிளாசெல் பிடித்த கருப்பு மர்லினின் எடை 1,560 பவுண்டு. ஏழு குவிண்டாலுக்கு மேல். ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ படமானபோது கிளாசெல் மீனின் காட்சிகளைத்தான் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் கதையில் வரும் கிழவன் சாந்தியாகோவின் பதினெட்டு அடி மர்லின், 1939இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி செல்லாது. கோல் இல்லாமல் வெறுங்கையில் கயிறு பிடித்தது ஒரு குற்றம். சுறா கடித்த மீனைக் கரைசேர்த்தது இன்னொன்று.

இளைஞர் சிரித்தார். சிரித்துவிட்டுச் சொன்னார்: “நம்ம பக்கம் என்னண்ணா இருக்கு? ஏரியில ஜிலேபி, டேமுல கட்லா. அவ்வளவுதான்.”

கோபம் வந்த இடம் இதுதான்.

இனி கெலவரப்பள்ளி நுரை வரும் என்று பழைய வாசகர்கள் தயாராகியிருப்பார்கள். வரத்தான் செய்யும். நந்திமலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் சாக்கடையைச் சுமந்துகொண்டு ஓசூருக்குள் நுழைகிறது. அணையின் மதகைத் திறந்தால் வெள்ளை மலையாக நுரை பொங்குகிறது. இதை எத்தனையோ முறை எழுதியாயிற்று, நுரை அடங்கவில்லை. அந்த ஆற்றைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை ‘நம்ம பக்கம் என்ன இருக்கு’ என்று கேட்டால் அது அவர் குற்றமில்லை.

ஆனால் ஓசூருக்கு இன்னொரு ஆறும் உண்டு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி தாண்டித் தெற்கே இறங்கினால் காவிரி. அங்கே ஆறேதான் எல்லை. இந்தக் கரை தமிழ்நாடு, அந்தக் கரை கர்நாடகம். மர்லினுக்காக உலகம் சுற்றும் ஆட்கள் ஒரு காலத்தில் இந்தக் காவிரியைத் தேடித்தான் கப்பல் ஏறி வந்தார்கள். மஹசீர் என்னும் ஆற்று மீனுக்காக.

பத்திக்காரரின் செல்லப் புத்தகம் இங்கே நுழைந்தே தீரும். ஹென்றி சல்லிவன் தாமஸ், சென்னை மாகாண சிவில் சர்வீஸ்காரர், தென்கன்னடக் கலெக்டர். 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ எழுதினார். பெயர் இந்தியத் தூண்டில் என்றாலும் உள்ளே ஆட்சி செய்வது மஹசீர்தான். பிரிட்டிஷார் தலையில் வைத்துக் கொண்டாடிய சால்மனைவிட இதன் முதல் பாய்ச்சல் வேகமானது என்று வாதாடியவர் அவர். 1887இல் ஏரித் தூண்டிலுக்கென்றே தனியாக ஒரு புத்தகமும் போட்டார். டீக்கடை இளைஞர் இளப்பமாகச் சொன்ன அதே ஏரி சமாச்சாரம்!

காவிரி மஹசீரின் முதுகில் திமில் உண்டு. கன்னடத்தில் பிளிமீன், அதாவது வெள்ளைமீன் என்பார்கள். 1919இல் ரிவெட்-கார்னாக் என்பவர் மைசூர்ப் பக்கக் காவிரியில் 119 பவுண்டு மீன் பிடித்தார். 1946இல் மைசூரின் பெயர்பெற்ற பாடம் செய்வோர் குடும்பத்தைச் சேர்ந்த வான் இன்கன் 120 பவுண்டு பிடித்தார். 54 கிலோ, இரண்டு சிப்பம் அரிசிக்கும் மேல். அதற்குப்பின் மீன் அழிந்தே போயிற்று என்று நம்பியிருந்தபோது, 1970களின் இறுதியில் மூன்று ஆங்கிலேய இளைஞர்கள் வந்து, இருக்கிறது என்று காட்டினார்கள். பீமேஸ்வரி, தொட்டமாக்களி, கலிபோரே என்று நம் எல்லைக்குச் சற்று மேலே தூண்டில் முகாம்கள் முளைத்தன. பிடித்தால் எடை போடு, படம் எடு, ஆற்றிலேயே விடு என்பது சட்டம். வெடி வைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்த ஆட்கள் சிலர் அங்கே சம்பளத்துக்கு வழிகாட்டிகளானார்கள்.

முகாம் நோட்டுப் புத்தகத்தில் எல்லாம் ஏறியது. கலிபோரே முகாமில் மட்டும் 1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரத் தூண்டிலில் 6,161 மஹசீர்கள் சிக்கி, திரும்ப ஆற்றுக்குப் போயின. அந்தக் கணக்கைப் பின்னால் ஆய்வாளர்கள் புரட்டியபோதுதான் விபரீதம் தெரிந்தது. சிக்கியவற்றில் பெரும்பாலானவை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹசீர்கள். நல்லெண்ணத்தோடு பொரிப்பகத்தில் வளர்த்து விட்டவை. ஆற்றின் சொந்தத் திமில்காரன் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்திருக்கிறான்.

முகாம்கள் இருந்த சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டையே என்று வனவிலங்குச் சட்டத்துக்குப் பொருள் கொண்டதால், 2012 வாக்கில் முகாம்களில் தூண்டில் நின்றது. மீனின் வாயில் கொக்கி குத்துவது கருணையா என்று கேட்பவர்களிடம் பத்திக்காரர் வாதாட மாட்டார். ஆனால் தூண்டிலோடு நோட்டும் மூடிக்கொண்டது.

அந்தத் திமில் மஹசீருக்கு அறிவியல் பெயர் உறுதியானதே 2018இல்தான். கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த குஞ்சுகளை வைத்து அதற்கு முன்பே சூட்டிய ‘டோர் ரெமாதேவி’ என்ற பெயர்தான் காவிரிப் பெரியவருக்கும் என்று நிரூபணமாயிற்று. அதே ஆண்டு மிக அருகிய இனம் என்று சிவப்புப் பட்டியலிலும் ஏறியது. பெயர் கிடைத்த கையோடு ஐசியூ.

பிலிகுண்டுலுவுக்கு வருவோம். கர்நாடகம் விடும் தண்ணீரை மத்திய நீர் ஆணையம் அளக்கும் இடம். வருடத்துக்கு 177.25 டிஎம்சி என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கை இங்கேதான் பார்க்கிறார்கள். தினம் எத்தனை கன அடி என்று பேப்பரில் வருகிறது. குறைந்தால் இரண்டு சட்டசபையிலும் சத்தம். அதே தண்ணீருக்குள் எத்தனை திமில் மஹசீர் இறங்கி வந்தது என்று கேட்க ஒரு ஆளில்லை. 2022இல் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. யானை, நீர்நாய், முதலை, மென்ஓட்டு ஆமை எல்லாவற்றுக்கும் நல்ல செய்தி. மீனுக்கும் ஒரு நோட்டு போட்டால் தேவலை.

இளைஞரிடம் இவ்வளவும் சொல்லி முடித்தபோது அவருக்கு செகண்ட் ஷிஃப்ட் பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தபடி, “நீங்க நேர்ல பாத்திருக்கீங்களாண்ணா?” என்று கேட்டார். இல்லை. பத்திக்காரர் பார்த்தது படத்தில்தான்.

எனவே அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரிசல் ஓட்டிய தாத்தாவோ மாமாவோ பெரிய திமில்மீனோடு நிற்கும் பழைய புகைப்படம் வீட்டில் இருந்தால், எந்த வருடம், எந்த மடு என்று பின்னால் எழுதி ஒரு பிரதி அனுப்புங்கள். எடை தெரியவில்லையா, பரவாயில்லை. பக்கத்தில் நிற்பவரின் உயரம் போதும்.