கரைமணலைச் சுவரில் சேர்க்க வேண்டா

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் வீடு கட்டுவோருக்கும், கட்டிக் கொடுப்போருக்கும், பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியரும் கொத்தனாருமாகக் கூடிய நாங்கள் வணக்கத்துடன் விடுக்கும் வேண்டுகோள் இது.

1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய ரசாயன அறிஞர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் என்னும் தாதுவைக் கண்டறிந்த பின்னர், அக்காலத்து வாயு விளக்குகளின் வலைத்திரிக்கு வேண்டிய தோரியத்தை நாடி அந்நிய தேசத்தார் மணவாளக்குறிச்சிக் கரைக்கு வந்தனர். அந்தத் தோரியம், 1,400 கோடி ஆண்டுகள் சென்றாலும் பாதியே சிதையும் இயல்பினதாய், அலை ஒதுக்கிய தாதுமணலில் திரண்டு கிடந்து, இன்றளவும் ஓயாமல் கிரணங்களை வீசிக்கொண்டிருக்கிறது.

இதைக் கேட்டு எவரும் பீதி கொள்ள வேண்டா. உலக ஜனங்கள் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் அளவு கதிர்வீச்சை இயற்கையிலிருந்தே பெறுகின்றனர். இவ்வகை மணலே பரந்து கிடக்கும் கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல்லாண்டுகள் நடந்த ஆராய்ச்சியும், அவ்வூராரிடம் அதனால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை என்றே 2009-இல் தெரிவித்தது. ஆகவே கரையில் நடப்பதையும் வலை உலர்த்துவதையும் நாங்கள் தடுக்க வரவில்லை. காற்று வீசும் வெளியில் கிடக்கும் மணலை வாரி, குழந்தை உறங்கும் அறையின் தரைக்கு நிரப்பாகவும் சுவருக்குப் பூச்சாகவும் இடுவதுதான் எங்களைக் கவலைக்கு உள்ளாக்குகிறது.

காரணத்தைச் சற்று விரித்துரைக்கிறோம். தோரியம் சிதைந்துவரும் வழியில் தோரான் என்ற வாயு பிறக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைவதற்கான காலம், ஒரு நிமிஷத்துக்கும் குறைவாதலால், சுவரின் ஆழத்தில் பிறந்தது வெளிவருமுன்பே சிதைந்துவிட, மேற்பரப்பை ஒட்டிப் பிறந்தது மட்டுமே அறைக்குள் கசிந்து, சுவரருகே மிகுந்தும் அறை நடுவே குறைந்தும் நிற்கிறது. வாயு மறைந்தாலும், அதிலிருந்து தோன்றும் கதிரியக்க ஈயம் சுமார் 10½ மணி நேர அரை ஆயுளுடன் தூசியில் ஒட்டிக்கொண்டு, சுவாசத்தின் வழியே நுரையீரலை அடைகிறது. ஜன்னலை அடைத்த அறையில் இது மேலும் பெருகும்.

ஆற்றுமணலின் விலை ஏழைக் குடும்பத்தை எவ்வளவு வருத்துகிறது என்பதையும், கரையில் கிடப்பது கைக்கெட்டியது என்பதையும் நாங்கள் நன்கறிவோம். ஆயினும், உப்பு கம்பியை அரித்துவிடும் என்று மூத்த கொத்தனார்கள் சொல்லிவந்த காரணத்தோடு இதனையும் சேர்த்தெண்ணி, கரைமணலைக் கட்டட வேலையிலிருந்து அறவே விலக்குமாறு மன்றாடுகிறோம். முன்பே அவ்வாறு கட்டிவிட்டவர்கள் வீட்டை இடிக்க வேண்டியதில்லை. பூசாத சுவரை நல்ல மணலால் பூசி வர்ணம் அடித்து, வெடிப்புகளை அடைத்து, கட்டிலைச் சுவரைவிட்டு நகர்த்தி, இரு பக்கத்து ஜன்னல்களையும் திறந்துவைத்தாலே பெரும் பிரயோசனம் உண்டு.

கருவியுடைய கல்லூரிப் பௌதிகத் துறையினர் ஊரார் கொணரும் மணலைச் சோதித்து, கட்டடப் பொருள்களின் கதிரியக்கத்துக்கு வகுத்த, கிலோவுக்கு 370 பெக்கரல் என்ற ரேடியச் சமன் வரம்பை அது மீறுகிறதா என்று கூற முன்வர வேண்டும். ஒப்பந்தக்காரர்களோ, மணல் வாரிய இடம் இன்னதென்று வீட்டுக்காரரிடம் எழுத்தில் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் உரிமையை வீட்டுக்காரரும் கூச்சமின்றிக் கையாள வேண்டும்.